வரிக்கோழிக் குஞ்சில் சேவல் எது, பெட்டை எது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடி வீட்டுத் தம்பி போன வாரம் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே 9 குஞ்சுகள். உடம்பெல்லாம் கறுப்புப் பஞ்சு, வயிற்றில் வெளுப்பு, உச்சந்தலையில் ஆளுக்கொரு வெள்ளைப் பொட்டு. "அக்கா, டொமினிக் குஞ்சு. பொட்டு பெருசா இருக்கிற அஞ்சும் சேவல். ஞாயித்துக்கிழமை யாருக்காவது குடுத்துடப் போறேன்" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 6 வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் இதே ராமமூர்த்தி நகரில், இதே பின்கட்டில் நானும் அதையேதான் சொன்னேன். சொன்னபடி செய்தும் விட்டேன்.

தண்ணீர் மாற்றுவது, பூனைக்குப் பயந்து வலை கட்டுவது எல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தாய் யார் என்று கேட்காமல் பொட்டைப் பார்ப்பது

டொமினிக் அமெரிக்காவின் மிகப் பழைய கோழி இனம். அந்த நாட்டுக் கோழி வளர்ப்போர் சங்கம் 1874-இலேயே அதைத் தன் இனப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சாம்பலும் கறுப்புமாக வரி வரியான இறகு, தலையோடு படிந்த ரோஜாக் கொண்டை, மஞ்சள் கால், பழுப்பு முட்டை. சுத்தமான டொமினிக்கில் பிறந்த அன்றே ஓரளவு ஆண், பெண் சொல்லிவிடலாம் என்பது உண்மைதான். பெட்டைக் குஞ்சின் பொட்டு சின்னதாக, ஓரம் தெளிவாக இருக்கும்; காலின் முன்பக்கம் கறுத்திருக்கும். சேவல் குஞ்சின் பொட்டு பெரிதாகக் கலைந்து பரவியிருக்கும். காலில் மஞ்சள் தூக்கலாகத் தெரியும்.

ஏன் அப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வரி போடும் மரபணு, ஆண் பெண்ணைத் தீர்மானிக்கிற இசட் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. கோழியினத்தில் சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். தாய், தகப்பன் இரண்டும் வரிக்கோழியாக இருந்தால் ஆண் குஞ்சுக்கு அந்த மரபணு இரண்டு பங்கு கிடைக்கும், பெண் குஞ்சுக்கு ஒரு பங்கு. இரண்டு பங்கு வாங்கியது கூடுதலாக வெளுக்கும். பொட்டு பெரிதாவதும், வளர்ந்த பிறகு சேவல் பெட்டையைவிட வெளிறித் தெரிவதும் அதனால்தான்.

என்னிடம் அன்று இருந்தது ஒரே ஒரு டொமினிக் சேவல். பெட்டைகள் இரண்டும் நாட்டுக்கோழி, கரிக்கறுப்பு. வரிச்சேவல் கறுப்புப் பெட்டையோடு சேர்ந்தால் பிறக்கிற ஆணுக்கும் ஒரு பங்குதான், பெண்ணுக்கும் ஒரு பங்குதான். எல்லாவற்றுக்கும் பொட்டு இருக்கும். பெரிது சிறிது என்று கண்ணுக்குப் படுவதற்கும் ஆண் பெண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. இது தெரியாமல் 11 குஞ்சுகளைத் தரையில் விட்டு, பொட்டை மட்டும் பார்த்து இரண்டு கும்பலாகப் பிரித்தேன். "சேவல்" என்று முடிவு கட்டிய 6 குஞ்சுகளை ஓசூரில் இருக்கும் சித்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மிச்சம் 5.

மூன்றாவது மாதம் என் பின்கட்டில் ஒன்று கூவியது. அடுத்த வாரம் இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. வீட்டுக்காரம்மா விடிகாலையில் கதவைத் தட்டி, "ஹுஞ்ச பேடம்மா" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். சேவல் வேண்டாம் என்று அவர் கேட்டதில் தப்பே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய பேரக்குழந்தை தூங்குகிறது. சித்தி வீட்டிலோ 4 பெட்டைகள் வளர்ந்து முட்டையிட ஆரம்பித்தன. பழுப்பு முட்டை. சித்தி கூடையில் போட்டுக் கொடுத்தனுப்பும்போதெல்லாம் வாங்கிக்கொள்வேன், மனசு மட்டும் ஆறாது.

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது, குஞ்சு விற்கிறவர்கள் அந்தப் பாதி விதியை மட்டும் சொல்லி அனுப்புவதுதான். "பொட்டு சின்னதா இருந்தா பெட்டை." இரண்டு பக்கமும் வரிக்கோழியாக இருந்தால் மட்டும் என்ற மீதியை யாரும் சொல்வதில்லை. வாங்கும்போது தாய்க்கோழியைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால், பொட்டைப் பற்றி அவர் சொல்கிற எதையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இதையே திருப்பிப் போட்டால் நல்ல காரியம் ஒன்று நடக்கும். கறுப்புச் சேவலை வரிப்பெட்டையோடு விடுங்கள். பொட்டோடு பிறப்பதெல்லாம் ஆண், பொட்டே இல்லாமல் கறுப்பாகப் பிறப்பதெல்லாம் பெண். அளவு பார்க்க வேண்டிய வேலையே இல்லை. வெள்ளைச் சேவலை மட்டும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்; வெள்ளை நிறம் அடியில் இருக்கிற வரியை மறைத்துவிடும்.

கொண்டையை வைத்து அவசரப்படுவது

கத்திப் பூ, அதாவது நிமிர்ந்த ஒற்றைக் கொண்டை, வைத்த கோழியில் 5, 6 வாரத்திலேயே சேவலின் கொண்டை எழும்பி நிற்கும். டொமினிக்கின் கொண்டை தலையோடு படிந்தது. உயரத்தைப் பார்க்காமல் நிறத்தைப் பாருங்கள்; மற்றவற்றைவிடச் சிவந்திருப்பது சேவலாக இருக்கலாம். கூடப் பிறந்தவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், தனியாக ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும். 12 வாரம் வாக்கில் வால் தொடங்கும் இடத்தில், முதுகின் மேல் நீளமாக, கூராக, பளபளப்பான இறகு இறங்கினால் அது சேவல். பெட்டைக்கு அந்த இடத்து இறகு நுனி உருண்டுதான் இருக்கும். கலப்புக் குஞ்சாக இருந்தால் அதுவரை பொறுப்பதைத் தவிர வழியில்லை.

இறக்கை முளைப்பதைப் பார்த்துப் பிரிப்பது

அதற்கென்றே கலந்து உருவாக்கிய பண்ணைக் குஞ்சுகளுக்குத்தான் அது செல்லும்.

அடிவயிற்றைப் பிதுக்கிப் பார்ப்பது

பயிற்சி இல்லாதவர்கள் தொடவே வேண்டாம். குஞ்சு செத்தே போகலாம்.

காலில் நூல் கட்டி மறந்துவிடுவது

எது எந்தக் குஞ்சு என்று தெரிய வண்ண நூல் கட்டுவது நல்லதுதான். ஆனால் கால் வாரத்துக்கு வாரம் பருக்கும். ஒருமுறை நூல் சதைக்குள் இறங்கி, குஞ்சு நொண்ட ஆரம்பித்த பிறகுதான் கவனித்தேன். நகம் வெட்டும் கத்தரியால் நூலை அறுத்து எடுக்கும்போது அது கத்தவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டது. வாரம் ஒருமுறை பழையதை அவிழ்த்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

பெட்டை என்று நினைத்து முட்டைக்கோழித் தீவனம் போடுவது

வேண்டாம். அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முட்டையிடும் வயது நெருங்கும்வரை வளர்பருவத் தீவனமே போதும்.

ஆடி, ஆவணித் தூறலில் ஈர உமி

பெங்களூருத் தூறல் நாள் கணக்கில் விடாமல் பெய்யும். தரையில் போட்ட மரத்தூளும் உமியும் ஈரமானால் ரத்தக் கழிச்சல் வரும். கையில் அள்ளிப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

தம்பியின் குஞ்சுகளுக்குத் தாய் யார் என்று விற்றவரிடம் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். கறுப்பு நாட்டுக்கோழியாம். 9 குஞ்சுகளும் இப்போது அவன் மாடியில்தான் இருக்கின்றன, காலில் 9 நிறத்தில் நூல். நேற்று இரண்டு பேரும் உட்கார்ந்து முதல் முறையாக நூல் மாற்றினோம். பச்சை நூல் குஞ்சுக்குத்தான் பொட்டு எல்லாவற்றையும்விடப் பெரிது. அது பெட்டையாக இருக்க வேண்டும் என்று அவன் இப்போதே வேண்டிக்கொண்டிருக்கிறான்.