சுடுதண்ணீரில் எல்இடி விளக்கு எரிய வைப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் ஆசையாகச் செய்து காட்டும் சோதனை இது. 12706 என்று எண் போட்ட பெல்டியர் தகடு ஒன்று வேண்டும்; ஒரு முகம் சூடாகவும் மறுமுகம் குளிராகவும் இருந்தால் மின்சாரம் தரும் சின்னத் தகடு அது.

பழைய கம்ப்யூட்டரில் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்கை, சீப்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஐஸ் தண்ணீர் பேசினில் வைத்து, அதன்மேல் தகடு, தகட்டின்மேல் கொதிநீர் ஊற்றிய தட்டையான டின். தகட்டின் இரண்டு பக்கமும் சிபியூ பசையை (கம்ப்யூட்டர் சில்லுக்குப் பூசும், சூடு கடத்தும் பசை) மெல்லிசாகத் தடவுங்கள், காற்று நுழைந்தால் சூடு கடக்காது. தகடு நனையக் கூடாது. தகட்டின் இரண்டு வயரையும் எல்இடியின் இரண்டு கால்களில் பிடியுங்கள். தகட்டின் இரு முகங்களுக்கும் 40 டிகிரி வித்தியாசம் இருந்தால் சுமார் 2 வோல்ட் வரும், சிவப்பு எல்இடிக்கு அது போதும். எரியவில்லையா? வயரை மாற்றிப் பிடியுங்கள். அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே துண்டுகளை இணைக்கும் பற்றாசு உருகிவிடும்.

சூடான பக்கத்து எலக்ட்ரான்கள் குளிர்ந்த பக்கம் நகர்வதுதான் மின்சாரம். 1821-லேயே சீபெக் என்ற விஞ்ஞானி கண்ட விளைவு. ஆனால் பெரும்பகுதி வெப்பம் சும்மா கடந்து போய்விடுகிறதே! அங்கேதான் குவாண்டம், அதாவது எலக்ட்ரான் போன்ற மிகச் சிறியவற்றின் இயற்பியல், வருகிறது. சில நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள அடுக்கில் எலக்ட்ரானை அடைத்தால் அதன் ஆற்றல் நிலைகளே மாறும், அதே வெப்பத்தில் கூடுதல் மின்சாரம் எடுக்கலாம் என்று 1993-இல் ஹிக்ஸ், டிரெசல்ஹாஸ் என்ற இரு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எல்லாப் பக்கமும் சில நானோமீட்டரே உள்ள குவாண்டம் புள்ளி என்ற துகளோ இன்னும் கறார், குறிப்பிட்ட ஆற்றலுள்ள எலக்ட்ரானை மட்டுமே உள்ளே விடும். பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்.