டப்பாவைக் குலுக்கியும் புறா இறங்கவில்லையா?

சென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு மாடிகளில் மாலை நேரத்தில் இதைப் பார்க்கலாம். கம்புத் தானியம் போட்ட டப்பாவைக் குலுக்கியதும் மேலே சுற்றும் புறாக்கள் கூட்டமாக இறங்கிவிடும். புதிதாகப் புறா வளர்ப்பவர்கள், சத்தம்தான் அவற்றை இழுக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதல் தவறே அதுதான். 'இப்போது இறங்கினால் தீனி உண்டு' என்பதற்கு மேல் அந்தச் சத்தம் எதுவும் சொல்வதில்லை. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் சோதனைக் கூண்டில் காட்டியதும் இதையேதான்: விளக்கு எரியும்போது பொத்தானைக் கொத்தினால் தானியம், அணைந்திருந்தால் இல்லை. சீக்கிரமே விளக்கு எரிந்தால் மட்டும்தான் புறா கொத்தும்.

நானும் ஒரு காலத்தில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு வேடிக்கை காட்ட வெறும் டப்பாவைக் குலுக்கியவன். பத்தே நாளில் என் புறாக்கள் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு என்னை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தன.

பறக்கவிடும் முன்பே வயிறு முட்டத் தீனி போடுவது அடுத்த தவறு. பசி இல்லாத புறாவுக்குக் கம்பு எதற்கு?

இதைவிட மோசம், புறா என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்காமல் போடும் தீனி. 1948-இல் ஸ்கின்னர் பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் சரி, குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும்படி செய்தார். தீனி வந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்ததோ அதையே திரும்பத் திரும்பச் செய்தன. ஒன்று வட்டமடித்தது, ஒன்று கூண்டு மூலையில் தலையை முட்டியது. ஆக, புறா பக்கத்து வீட்டுக் கைப்பிடிச்சுவரில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் கம்பை இறைத்தால், அங்கே உட்கார்ந்ததற்குத்தான் கூலி கொடுக்கிறீர்கள்.

நாய்க்கும் இதே கணக்குதான். டீக்கடையில் காலைச் சுரண்டும் நாய்க்கு நாலு நாள் ஒன்றும் போடாமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் பாவம் பார்த்து ஒரு பொறை போடுவோம். எப்போதாவது கிடைப்பதை விலங்குகள் லேசில் விடாது. தினமும் கிடைத்து நின்றுபோனதைத்தான் சீக்கிரம் மறக்கும். அதோடு, தருவதை நிறுத்தியதும் நச்சரிப்பு முதலில் கூடும், பிறகுதான் குறையும். கூடும் நேரத்தில் போட்டுவிட்டால், இன்னும் பலமாகக் குரைக்கக் கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சத்தத்தை ஏற்கெனவே கெடுத்துவிட்டவர்கள் புதுச் சத்தத்துக்கு மாறுவது சுலபம். நான் விசிலுக்கு மாறினேன். புறாக்கள் பசியோடு இருக்கும்போது மட்டும் ஊதி, இறங்கிய உடனே தீனி போட்டேன். ஒரு வாரத்தில் சரியானது. பழைய டப்பாவைக் குலுக்கினால் இன்றும் தொட்டியிலிருந்து தலையைத் திருப்பிப் பார்ப்பதோடு சரி.