தாஷ்கண்டில் இரண்டு நாள்: முதல் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டுக்கு முதன்முதலாகப் போகிறவர்கள் பெரும்பாலும் சமர்கண்டின் நீலக் குவிமாடங்களை மனதில் வைத்துக்கொண்டு போகிறார்கள். இறங்கிப் பார்த்தால் அகன்ற சாலைகள், பூங்காக்கள், கான்கிரீட் அடுக்குமாடிகள். 1966 ஏப்ரல் 26 அதிகாலை 5.23க்கு வந்த நிலநடுக்கத்தில் பழைய நகரின் பெரும்பகுதி அழிந்தது. சோவியத் ஒன்றியத்தின் மற்றக் குடியரசுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் சேர்ந்து எழுப்பிய நகரம்தான் இன்று கண்ணில் படுவது. (லால் பகதூர் சாஸ்திரி இங்கே காலமானதும் அதே ஆண்டு, ஜனவரி 11இல். அவர் பெயரில் ஒரு தெருவும் மார்பளவுச் சிலையும் இருக்கின்றன.) சமர்கண்டுக்குப் போகும் வழியில் ராத்தங்கும் ஊராக இதை நினைப்பதுதான் பெரிய தவறு. மற்றத் தவறுகள் பலவும் அதிலிருந்தே கிளைக்கின்றன.

வரைபடத்தைப் பார்த்து நடந்தே சுற்றிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். சோர்சு சந்தைக்கும் அமீர் தைமூர் சதுக்கத்துக்கும் இடையே மட்டும் நான்கு கிலோமீட்டருக்கு மேல். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரையுள்ள நாற்பது நாளை உள்ளூரில் ‘சில்லா’ என்பார்கள். அப்போது வெயில் 40 டிகிரியைத் தொடும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களே நல்லவை.

மெட்ரோவை வெறும் போக்குவரத்தாகக் கருதி, ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி வெளியே வந்துவிடுவது இன்னொரு இழப்பு. 1977இல் திறக்கப்பட்ட இதுதான் மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி வடிவமைப்பு. 2018 வரை உள்ளே படமெடுக்கவே தடை இருந்தது, இப்போது இல்லை. சோர்சுவில் ஏறி அலிஷேர் நவாயியில் இறங்குங்கள். செதுக்கு வேலைப்பாடுள்ள குவிமாடக் கூரையைப் பார்த்துவிட்டு, வெளியே போகாமலே பக்தகோர் நிலையத்துக்கு மாறுங்கள். அங்கே சுவரெல்லாம் பருத்திப்பூ மொசைக். திரும்பி வந்து அதே பழைய தடத்தில் கொஸ்மொனாவ்த்லார் போனால், நீலச் சுவரில் விண்வெளி வீரர்கள் ககாரின், தெரெஷ்கோவா ஆகியோரோடு பதினைந்தாம் நூற்றாண்டு வானியலாளர் உலுக் பெக்கும் இருப்பார். வாயிலைத் தாண்டி வெளியேறாதவரை இதற்கெல்லாம் ஒரே கட்டணம்தான். நெரிசல் நேரத்தைத் தவிர்த்தால் ஒன்றரை மணி நேரம் போதும். பை சோதனை உண்டு, கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் நடக்கும் தவறு நேரத்தைப் பற்றியது. ‘ஓஷ்’ என்கிற பிளோவ் (இறைச்சி சேர்த்து வேகவைக்கும் அரிசிச் சோறு) இங்கே மதிய உணவு. காலையிலிருந்து பெரிய கசான் கொப்பரையில் வேகும். பிற்பகல் இரண்டு மணிக்குள் நல்ல கடைகளில் தீர்ந்துபோகும். இரவுக்கு என்று தள்ளிவைத்தால் ஆறிப்போன மிச்சம்தான். தொலைக்காட்சிக் கோபுரத்துக்கு அருகிலுள்ள பெஷ் கோசோன் உணவகத்துக்கு 12 மணிக்கே போய்விடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் ‘கறியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம்’ என்று நினைப்பதுண்டு. அரிசியே இறைச்சிச் சாற்றிலும் கொழுப்பிலும்தான் வேகிறது. சமோசா போன்ற பூசணி சம்சாவிலும் ஆட்டுவால் கொழுப்பு கலந்திருக்கலாம். ‘கோஷ்ட்சிஸ்’ என்று கேளுங்கள்: கோஷ்ட் நமக்கும் தெரிந்த சொல்தான், ‘சிஸ்’ என்றால் ‘இல்லாமல்’. தண்ணீர் வாங்கும்போதும் இதே விகுதி உதவும்; ‘காஸ்சிஸ்’ என்று சொல்லாவிட்டால் சோடா வந்துவிடலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். ரொட்டியைக் கவிழ்த்து வைப்பது அவமரியாதை. கிண்ணத்தில் தேநீர் பாதிதான் ஊற்றுவார்கள். அது கஞ்சத்தனம் அல்ல, அடிக்கடி நிரப்பி உபசரிக்கும் மரியாதை.

பணத்துக்கு ரூபாயை நம்பிப் போகாதீர்கள். டாலர் நோட்டுகள் மடிப்பும் கறையும் கிழிசலும் இல்லாமல் இருக்க வேண்டும்; பழசானால் மறுத்துவிடுவார்கள். சந்தையில் யாராவது அருகில் வந்து மாற்றித் தருவதாகச் சொன்னால் விலகுங்கள். 2017இல் நாணய மாற்று விதிகள் தளர்ந்த பிறகு வெளிச்சந்தையில் லாபம் கிடையாது, எண்ணிக்கையில் ஏமாறுவதுதான் மிச்சம். விமான நிலைய வாசலில் சூழ்ந்துகொள்ளும் ஓட்டுநர்களிடம் பேரம் பேசுவதைவிட, வாடகைக் கார் அழைக்கும் யாண்டெக்ஸ் கோ செயலி மேல். ஓடிபி நம் எண்ணுக்கு வருவதால் ஊரிலேயே பதிவு செய்து வைத்துவிடுங்கள்.

காகித வேலையில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். மின்விசாவில் ஒரு விதமாகவும் டிக்கெட்டில் வேறு விதமாகவும் நிரப்பினால் விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள். இரண்டிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். ஒருமுறை நுழைவு விசாவில் தஜிகிஸ்தான் பக்கம் ஒருநாள் போய்வரலாம் என்று எண்ணவே கூடாது. திரும்பி நுழைய முடியாது. விடுதிகள் தங்குபவரைத் தாமே பதிவு செய்துவிடும். வாடகை வீட்டில் தங்கினால், மூன்று நாளுக்குள் உரிமையாளர் பதிவு செய்தாரா என்று நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ட்ரோனை ஊரிலேயே விட்டுவிடுங்கள். கோடீன், டிராமடால் உள்ள மருந்துகளுக்கும் கடும் கட்டுப்பாடு உண்டு.

சமர்கண்டுக்கு அஃப்ரோசியோப் விரைவு ரயிலில் சுமார் இரண்டேகால் மணி நேரம். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், பயணத் தேதி உறுதியானதும் வாங்கிவிடுங்கள். நகரில் வடக்கு, தெற்கு என இரண்டு ரயில் நிலையங்கள் இருக்கின்றன. டிக்கெட்டில் ‘ஷிமோலி’ என்றிருந்தால் வடக்கு. தோஷ்கெந்த் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ‘ஜனூபி’ என்றிருந்தால் தெற்கு. நுழைவாயிலிலேயே கடவுச்சீட்டும் பையும் சோதிப்பார்கள், முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேருங்கள்.