ஷவர் கண்ணாடிக் கதவில் உப்புக்கறையா? தேய்க்காதீர்கள், ஊற வையுங்கள்

துரைப்பாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிவந்த புதிதில், பாத்ரூமில் குளிக்கும் இடத்தைத் தனியாகப் பிரிக்கும் அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றே மாதம். அதற்குள் மோரைத் தெளித்துக் காய வைத்தது மாதிரி ஆகிவிட்டது, உள்ளே இருப்பது ஆளா பக்கெட்டா என்று தெரியவில்லை. எங்களுக்கு வருவது பாதி போர் தண்ணீர், பாதி லாரித் தண்ணீர். இரண்டிலும் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.

இந்த வெள்ளைக் கறை வேறொன்றுமில்லை, வாட்டர் ஹீட்டர் ராடில் படியும் அதே சுண்ணாம்புதான். நிலத்தடி நீரில் கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்து இருக்கின்றன. கண்ணாடியில் விழுந்த துளி காய்ந்ததும் தண்ணீர் போய்விடுகிறது, கால்சியம் கார்பனேட் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரப்படி (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை, அதாவது இந்தக் கால்சிய, மெக்னீசிய உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை போகலாம். டி.டி.எஸ். மீட்டரில் வரும் எண் வேறு, அது எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்கிறது, அதைக் கடினத்தன்மை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

இதில் சோப்பும் தன் பங்குக்குச் சேர்ந்துகொள்கிறது. கால்சியத்தோடு கலந்ததும் அது நுரைக்காமல் பிசுபிசுப்பான ஒரு படலமாக மாறிவிடும். ஆகவே கண்ணாடியில் இருப்பது பெரும்பாலும் ஒன்றல்ல, இரண்டு. காய்ந்த கண்ணாடியை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: நகத்தில் மெழுகு போல அப்பினால் சோப்பு, வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் உப்பு. சோப்புப் படலம் மேலே இருக்கும்வரை கீழே இருக்கிற உப்பை எந்த அமிலமும் சரியாகத் தொடாது. நிறையப் பேர் "வினிகர் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்வது இதனால்தான்.

தேவையானவை: பாத்திரம் கழுவும் திரவம், மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் பொடி, ஸ்பிரே பாட்டில், டிஷ்யூ பேப்பர் அல்லது பழைய வேட்டித் துணி, மென்மையான ஸ்பாஞ்ச், பழைய டூத்பிரஷ், ரப்பர் கையுறை, கண்ணாடி துடைக்கும் வைப்பர். சிட்ரிக் ஆசிட் இல்லையென்றால் சமையல் வெள்ளை வினிகரைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றிக்கொள்ளலாம், ஆனால் வீடு முழுக்க ஊறுகாய்க் கடை வாசனை. எலுமிச்சம்பழமும் வேலை செய்யும், குழாய் முனைக்கு அரை மூடி போதும். ஒரு முழுக் கதவுக்கு அது விற்கிற விலையில் கட்டுப்படியாகாது.

முதலில் பாத்திரம் கழுவும் திரவத்தை ஸ்பாஞ்சில் ஊற்றிக் கதவு முழுக்க ஒரு தடவை தேய்த்துக் கழுவிவிடுங்கள். பிசுபிசுப்பு போனால் சரி, வெள்ளை போகாது, அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

அப்புறம் அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட்டைக் கரைத்து ஸ்பிரே பாட்டிலில் ஊற்றுங்கள். ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு, கதவில் அடியுங்கள். அடித்ததும் அது வழிந்து கீழே போய்விடும், இங்கேதான் எல்லோரும் தோற்கிறோம். நிற்கிற கண்ணாடியில் தண்ணீர் தங்காது. அதனால் டிஷ்யூ பேப்பரைத் தாள் தாளாகக் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் மறுபடி அடித்து நன்றாக நனைத்துவிடுங்கள். கறை தடிப்பாக இருக்கும் இடத்தில் பேப்பருக்கு அடியில் ஊசிமுனை அளவுக்குக் குமிழ்கள் கிளம்புவது தெரியும், சுண்ணாம்பு கரையும்போது கிளம்பும் வாயுதான் அது. இருபது முப்பது நிமிடம் அப்படியே விடுங்கள், நடுவில் ஒரு தடவை வந்து காய்ந்த இடங்களை நனையுங்கள். காய விட்டால் அந்தக் கரைசலே இன்னொரு வெள்ளைப் படலமாக மாறி, வேலை இரட்டிப்பாகும்.

பிறகு பேப்பரை உரித்து, அதையே சுருட்டி வட்டமாகத் தேய்த்தாலே பாதி வந்துவிடும். மீதிக்கு ஸ்பாஞ்ச். பச்சை ஸ்கிரப்பரும் கம்பி நாரும் கதவுப் பக்கமே வரக்கூடாது, கோடு விழுந்தால் அது நிரந்தரம். கீல், கைப்பிடி, கீழே இருக்கும் ரப்பர் பட்டை இவற்றை டூத்பிரஷால் தேய்த்து உடனே கழுவுங்கள். தரை மார்பிளாக இருந்தால் வேலையை ஆரம்பிக்கும் முன்பே பழைய துணியை மடித்துக் கதவின் அடியில் போட்டுவிடுங்கள், மார்பிளும் சுண்ணாம்பு ஜாதிதான், அமிலம் அதையும் தின்றுவிடும்.

விடாப்பிடியான புள்ளிகளுக்குச் சமையல் சோடாவைக் கெட்டியாகக் குழைத்துத் தேய்க்கலாம், அது கண்ணாடியைவிட மென்மையானது. ஆனால் அமிலத்தைக் கழுவிய பிறகு. இரண்டையும் கலந்து பொங்க வைப்பது பார்க்க ஜோராக இருக்கும், அவ்வளவுதான். ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு இரண்டுமே வீணாகும். பிளீச்சிங் பவுடரோடு மட்டும் எந்த அமிலத்தையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும், மூடிய பாத்ரூமில் அது ஆபத்து.

ஆசிட் பாட்டில் ஆசையும் வேண்டாம். ஆரம்பத்தில் பொறுமையில்லாமல் டாய்லெட் கழுவும் திரவத்தை எடுத்து நானே கதவில் அடித்தேன். கறை போனது உண்மை, கூடவே கீலின் பளபளப்பும் போய்விட்டது. இப்போதும் அங்கே கருப்பாக ஒரு திட்டு இருக்கிறது, விருந்தாளி வந்தால் அதன் மேல் துண்டைத் தொங்கவிடுகிறோம்.

கடைசிக் கழுவலுக்கு ஒரு சின்னத் தந்திரம். மறுபடி அதே போர் தண்ணீரை ஊற்றினால் அது காய்ந்து புதுப் புள்ளி விழும். ஏ.சி.யின் வெளிக்குழாயில் சொட்டும் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து வையுங்கள்; காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது அது, உப்பு கிட்டத்தட்ட கிடையாது. அதை ஊற்றிவிட்டு, வைப்பரை மேலிருந்து கீழாக இழுத்து, ஓரங்களைத் துணியால் ஒற்றி எடுத்தால் முடிந்தது.

இனி தினமும் கடைசியாகக் குளிப்பவர் அந்த வைப்பரை நாலு இழுப்பு இழுத்துவிட்டு வர வேண்டும். எங்கள் வீட்டில் இதைச் செய்ய வைப்பதுதான் கறையைவிடக் கஷ்டமாக இருந்தது, வைப்பரை உள்ளேயே கையெட்டும் உயரத்தில் மாட்டிய பிறகுதான் சரியானது. மொத்தத் தண்ணீருக்கும் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் கருவி வைக்கலாம், அதற்கு அவ்வப்போது உப்பு போட வேண்டும். அதில் வரும் தண்ணீரும் காய்ந்தால் தடம் விடும், ஆனால் வெறும் தண்ணீரிலேயே கரைந்து போகும்.

இரண்டு மூன்று தடவை ஊற வைத்தும் மங்கல் போகவில்லை, நகத்தில் பொடியும் வரவில்லை என்றால் அது கறை இல்லை, கண்ணாடியின் மேல்பரப்பே அரித்திருக்கிறது. அதற்கு சீரியம் ஆக்சைடு பொடி போட்டுப் பாலிஷ் செய்ய வேண்டும், அது கண்ணாடிக்காரர் மெஷினோடு வந்து செய்கிற வேலை. எங்கள் கதவில் கீழே ஒரு சாண் உயரம் அப்படித்தான் ஆகிவிட்டது, அதை விட்டுவிட்டோம்.