‘லைசென்ஸ் வேண்டாம்’ ஸ்கூட்டர்: பிள்ளைக்கு வாங்கித் தருவோர் செய்யும் தவறுகள்

ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் டியூஷனுக்குப் போக வண்டி வேண்டும் என்று பிள்ளை நச்சரிக்கிறது. கடைக்காரரோ ஒரு மின்சார ஸ்கூட்டரைக் காட்டி, “இதுக்கு லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம் சார்” என்கிறார். பாதி உண்மைதான். மீதிப் பாதியில்தான் பெற்றோர் மாட்டிக்கொள்கிறார்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஒரு மின்சார இருசக்கர வண்டி ‘மோட்டார் வாகனம்’ என்ற கணக்கில் வராமல் இருக்க, மோட்டாரின் 30 நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும். போதாததற்கு, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனம் அந்த மாடலுக்குச் சான்று தந்திருக்க வேண்டும். அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்குபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பெரிய தவறு வாங்கிய பிறகு நடக்கிறது. 25 கி.மீ. வேகம் என்றால் நன்றாக மிதிக்கும் சைக்கிள்காரரே முந்திவிடுவார். ஒரு வாரத்தில் பையனுக்கு அலுத்துப்போகும். யாரோ ஒரு மெக்கானிக் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயரைக் கழற்றிவிட்டால் வண்டி 40ஐத் தாண்டும். அவ்வளவுதான், இப்போது அது மோட்டார் வாகனம். பதிவு இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, ஓட்டுபவருக்கு லைசென்ஸும் இல்லை. யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு நம் கையிலிருந்துதான்.

“16 வயசுலயே எல்.எல்.ஆர். போடலாமே?” என்பார்கள். போடலாம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 4ஆம் பிரிவு அந்த வயதில் அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டும். ‘கியர் இல்லாத வண்டி’ என்று லைசென்ஸில் இருப்பதைப் பார்த்து, 90 கி.மீ. வேகம் போகும் ஏத்தர் 450எக்ஸ் மின்சார ஸ்கூட்டரையும் அந்த லைசென்ஸில் ஓட்டலாம் என்று நினைப்பது தப்புக்கணக்கு. அதற்கு 18 முடிய வேண்டும்.

சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் என்ன ஆகும்? 2019 திருத்தத்தில் வந்த 199ஏ பிரிவு பெற்றோரையும் வண்டி உரிமையாளரையும்தான் பிடிக்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதத்துக்கு வண்டிப் பதிவு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. “எனக்குத் தெரியாம எடுத்துட்டுப் போயிட்டான்” என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். நம் சம்மதத்தோடு எடுத்ததாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும்.

சரி, 18 ஆகி எல்.எல்.ஆர். வந்துவிட்டது. அப்புறமும் நண்பனைப் பின்னால் ஏற்றக் கூடாது. லைசென்ஸ் வைத்திருந்து ஓட்டக் கற்றுத்தருபவர் மட்டும் உட்காரலாம். முன்னும் பின்னும் ‘எல்’ போர்டு வேண்டும். 30 நாள் கழிந்ததும் எட்டு போடப் போகலாம். ஆறு மாதம் தாண்டவிட்டால் எல்.எல்.ஆர். காலாவதிதான்; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.