ஹாலுக்குச் சரவுண்ட் சிஸ்டம்: கடைக்குப் போகும் முன் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள்

எங்கள் வீடு ரோஸ் ஹில்லில் இருக்கிறது. மொரீசியஸில் எங்கும் பார்க்கக்கூடிய சாதாரண வீடுதான்: கான்கிரீட் சுவர், தட்டையான கான்கிரீட் கூரை, தரை முழுக்க டைல்ஸ், வராந்தா பக்கம் ஒரு பெரிய கண்ணாடிக் கதவு. 1960இல் அடுத்தடுத்து அடித்த அலிக்ஸ், கேரல் புயல்களில் மர வீடுகளும் தகர வீடுகளும் பறந்துபோன பிறகு இந்தத் தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. புயலுக்கு அது அரண், சரி. ஒலிக்கு அப்படியில்லை. கம்பளமும் மரச்சுவரும் உள்ள யாரோ ஒருவர் வீட்டில் எடுத்த வீடியோவைப் பார்த்து அதே ஸ்பீக்கர் செட்டை வாங்கி வந்து வைத்தால், நம் ஹாலில் அது வேறு மாதிரி கேட்பது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. என் மாமியார் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான், வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் அவருக்குக் கோயிலில் பாதி, சினிமாவில் பாதி என்று வந்து சேர்ந்தது. படம் ஓடும்போது ஒரு வார்த்தையும் விட்டுவிடக் கூடாது என்று முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். பின்னணி இசை ஏறி வசனத்தை விழுங்கியதும் என் பக்கம் திரும்பி "என்ன சொன்னான்?" என்பார், நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வசனம் போய்விடும். தமிழை அன்றாடம் பேசுகிற நமக்குக் காதில் விழாத வார்த்தையை ஊகித்துக்கொள்ள முடியும். அவருக்கு அது கஷ்டம், இங்கே வளரும் என் பிள்ளைகளுக்கும் கஷ்டம். அதனால் கீழே நான் சொல்வதெல்லாம் ஒரே கணக்கில்தான்: முதலில் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும், குண்டு வெடிக்கிற சத்தம் அப்புறம்.

படி 1: கைதட்டுங்கள், பிறகு அளந்து எழுதுங்கள்

ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். தட்டி முடித்த பிறகும் "ட்ர்ரிங்" என்று தகரத்தைத் தட்டிய மாதிரி ஒரு நடுக்கம் காதில் நிற்கிறதா? எதிரெதிராக இருக்கும் இரண்டு வெற்றுச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்து போல மாறி மாறி மோதுகிறது என்று அர்த்தம். படத்தில் யாராவது வேகமாகப் பேசும்போது, ஒவ்வொரு எழுத்தின் மேலும் முந்தைய எழுத்தின் வால் வந்து படிந்துவிடும். ச, ஸ, த மாதிரியான மெல்லிய ஒலிகள்தான் முதலில் கரைந்துபோகும். விலை உயர்ந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் இது தீராது, ஏனென்றால் இங்கே கெடுப்பது ஸ்பீக்கர் விட்ட ஒலி இல்லை, சுவர் திருப்பி அனுப்பிய ஒலி.

மருந்து வீட்டிலேயே இருக்கலாம். சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே ஒரு தடித்த கம்பளம், கண்ணாடிக் கதவுக்கு மடிப்பு மடிப்பாக விழும் கனமான திரைச்சீலை, வெறும் சுவர் ஒன்றில் புத்தக அலமாரி. எங்கள் வீட்டில் முதலில் கம்பளம் மட்டும் போட்டோம். நடுக்கம் குறைந்தது, போகவில்லை. மெல்லிய வலைத் திரையைக் கழற்றிவிட்டுத் தடித்த துணியை மாட்டி மறுபடி தட்டியபோது "டப்" என்று ஒலி நின்ற இடத்திலேயே நின்றது, அன்று இரவு டிவியின் சொந்த ஸ்பீக்கரிலேயே வசனம் முன்னைவிட நன்றாகக் கேட்டது. கியூர்பிப் மாதிரி ஈரம் அதிகமுள்ள ஊரில் இருப்பவர்கள் சுருட்டி எடுத்து வெயிலில் போடக்கூடிய அளவுக் கம்பளமாகப் பாருங்கள், பெரிதாகப் போட்டால் அடியில் பூஞ்சை பிடிக்கும்.

கையோடு டேப்பை எடுத்து ஹாலின் நீளம், அகலம், கூரையின் உயரம், டிவியிலிருந்து நீங்கள் உட்காரும் இடம், சோபாவின் முதுகுக்கும் பின்சுவருக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் அளந்து போனில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசி அளவை மறக்க வேண்டாம்.

படி 2: எந்த எண்?

5.1 என்றால் காது மட்டத்தில் சுற்றிலும் 5 ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கு 1 சப்வூஃபர். 5.1.2 என்று மூன்றாவது எண் வந்தால், அது மேலிருந்து ஒலி கேட்பதற்காக, அதாவது டால்பி அட்மாஸுக்காக வைத்த 2 ஸ்பீக்கர்.

இதில் நம் கணக்குக்கு முக்கியமானது டிவிக்கு நேர் கீழே உட்காரும் சென்டர் ஸ்பீக்கர். 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. 2.1 செட்டில் சென்டர் கிடையாது. வசனமும் இசையும் ஒரே இரண்டு ஸ்பீக்கரில் நெருக்கியடித்துக்கொண்டு வரும், வசனத்தை மட்டும் தனியாக ஏற்றுவது கஷ்டம். அதனால் பணம் குறைவாக இருந்தால் மலிவான 5.1ஐ விட ஒரு நல்ல 3.1 (இடது, வலது, சென்டர், ஒரு சப்வூஃபர்) போதும் என்பது என் முடிவான கருத்து. பின்னால் இரண்டு ஸ்பீக்கரைப் பிறகு சேர்த்துக்கொள்ள வசதியுள்ள மாடலாகப் பார்த்து வாங்கிவிடுங்கள்.

சோபா பின்சுவரை ஒட்டியே இருக்கிறது, நகர்த்த இடமில்லை என்றால் 7.1 வேண்டாம். அந்தக் கூடுதல் இரண்டு ஸ்பீக்கரும் தலைக்குப் பின்னால் தள்ளி இருக்க வேண்டியவை.

அட்மாஸ் விஷயத்தில் மட்டும் நம் கான்கிரீட் நமக்கு உதவுகிறது. கூரையில் ஓட்டை போடாமல், ஒலியை மேலே எறிந்து கூரையில் பட்டுத் திரும்ப வைக்கும் ஸ்பீக்கர்கள் உண்டு. அவற்றுக்குத் தட்டையான, கெட்டியான கூரைதான் வேண்டும். உயரம் ஏழரை அடியிலிருந்து 12 அடிக்குள் இருந்தால் நல்லது. சரிவான ஓட்டுக் கூரை, துணியோ பஞ்சோ ஒட்டிய கூரை என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

டிவிக்குக் கீழே நீளமாக உட்காரும் ஒற்றைப் பெட்டியான சவுண்ட்பாரா, தனித்தனி ஸ்பீக்கரும் அவற்றுக்கு ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் ஏவி ரிசீவருமா? வாடகை வீடு, வயர் இழுக்க முடியாது, டிரில் போடக் கூடாது என்றால் சவுண்ட்பார், யோசிக்கவே வேண்டாம். சொந்த வீடு, பத்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ரிசீவர், ஒரு ஸ்பீக்கர் போனால் அதை மட்டும் மாற்றலாம். வயர்லெஸ் என்று எழுதியிருக்கும் பின்பக்க ஸ்பீக்கருக்கும் கரண்ட் வயர் வேண்டும் என்பது பலருக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது, சோபாவுக்குப் பின்னால் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

படி 3: டிவியின் பின்பக்கம்

எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்றின் பக்கத்தில் ஆர்க் (ARC) அல்லது இ-ஆர்க் (eARC) என்று எழுதியிருக்கும், டிவியின் ஒலி அந்தத் துளை வழியாகத்தான் வெளியே போகும். ஓடிடி படங்களின் அட்மாஸ் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் வருவதால் சாதாரண ஆர்க்கே அதைத் தாங்கும். புளூரே டிஸ்க்கின் தரம் குறையாத ஒலியை டிவி வழியாக அனுப்ப இ-ஆர்க் வேண்டும். பழைய டிவியில் ஆப்டிகல் மட்டும்தான் என்றால் டால்பி டிஜிட்டல் 5.1 வரை வரும், அட்மாஸ் வராது.

படி 4: கடையில்

பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். பிஎம்பிஓ (PMPO, ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம், ஆர்எம்எஸ் (RMS, தொடர்ந்து தரக்கூடிய வாட்) எவ்வளவு என்று கேளுங்கள். வாட் இரண்டு மடங்கானால் ஒலி ஏறுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். சின்ன ஹாலுக்கு 50 வாட்டா 100 வாட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்வது வீண்.

போட்டுக்காட்டச் சொல்லும்போது கடைக்காரர் சண்டைக் காட்சியை ஓடவிடுவார். நீங்கள் ஒரு பென் டிரைவில், மழை பெய்துகொண்டிருக்க இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசும் தமிழ்க் காட்சி ஒன்றைக் கொண்டுபோங்கள். வால்யூமைக் குறைத்து, ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா என்று கேளுங்கள். நாங்கள் மாமியாரையே அழைத்துப் போனோம். மூன்று செட்டைக் கேட்ட பிறகு, பார்வைக்கு எடுப்பாக இருந்த ஒன்றைத் தள்ளிவிட்டு, ஓரத்தில் இருந்த ஒரு 3.1ஐக் காட்டி "இதில் தண்ணீர்ச் சத்தம் தனி, பேச்சு தனி" என்றார். அதைத்தான் எடுத்தோம்.

சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர் மூலம் வாங்குகிறவர்களுக்கு: இந்தியாவிலும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஆகவே அதில் பிரச்சினை இல்லை. பிளக் மட்டும் சேராமல் போகலாம், அப்போது லொடலொடவென்று ஆடும் அடாப்டரில் மாட்டாமல் எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி மாற்றிவிடுங்கள். உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனதாக இருக்கலாம், அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்காமல் சொருகாதீர்கள்.

படி 5: எங்கே வைப்பது

சென்டர் டிவிக்குக் கீழே, ஸ்டாண்டின் விளிம்பு வரை முன்னால் இழுத்து. உள்ளே தள்ளி வைத்தால் முதலில் மேசைப் பலகையில் பட்டுத்தான் குரல் வெளியே வரும். காதுக்குக் கீழே இருந்தால் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் துண்டைக் கொடுத்து முகத்தைக் காதுப் பக்கம் நிமிர்த்துங்கள். இதைச் செய்வதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும், ஆனால் குரல் தரையிலிருந்து எழுந்து நடிகரின் வாய்க்கே வந்த மாதிரி இருக்கும்.

இடது, வலது ஸ்பீக்கர்கள் நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் 22 முதல் 30 டிகிரி. பின்பக்கம் என்று நாம் சொல்லும் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் உண்மையில் பக்கவாட்டில் சற்றே பின்னால், 110 டிகிரி வாக்கில், உட்கார்ந்திருக்கும்போது காதுக்கு ஓர் அடி மேலே.

சப்வூஃபருக்கு ஒரு வழி இருக்கிறது, கேட்க விநோதமாக இருக்கும், செய்து பாருங்கள். அதைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவிலேயே வையுங்கள். உறுமியோ பறையோ நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவர் ஓரமாகத் தரையில் தவழ்ந்து போங்கள். ஓரிடத்தில் அடி மொத்தையாகக் குமுறும், ஓரிடத்தில் காணாமலே போகும், ஓரிடத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். அந்த மூன்றாவது இடத்தில் சப்வூஃபரை வையுங்கள். கான்கிரீட் அறையின் மூலை பெரும்பாலும் குமுறும், அந்தக் குமுறலும் வசனத்தை மூடும்.

படி 6: வயரும் செட்டிங்கும்

10 மீட்டருக்குள் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். ஒரு ஸ்பீக்கரில் மாறிப்போனாலும் சத்தம் வரும், ஆனால் பேஸ் மெலிந்து, பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாமல் போகும். மஹேபூர், ஃபிளிக் ஆன் ஃபிளாக் மாதிரிக் கடலோரமாக இருந்தால் வயரின் நுனி பச்சை பூக்கும். அவ்வப்போது பார்த்து அந்த நுனியை வெட்டிப் புதிதாக உரித்து மாட்டுங்கள்.

ரிசீவரோடு வரும் சின்ன மைக்கைக் காது உயரத்தில் வைத்து, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அதன் தானியங்கி அளவீட்டை ஓடவிடுங்கள். முடிந்ததும் கிராஸ்ஓவரை, அதாவது எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள், ரொம்பச் சின்ன ஸ்பீக்கர் என்றால் 100 அல்லது 120. பிறகு சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். சவுண்ட்பாரில் இதற்கு டயலாக், வாய்ஸ் என்று ஏதாவது பெயர் இருக்கும். இரவில் நைட் மோடைப் போட்டால் உரத்த ஒலி அடங்கி மெல்லிய ஒலி மேலே வரும், பக்கத்து வீட்டுக்காரரும் தூங்கலாம்.

படி 7: புயல் காலம்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை சர்ஜ் காப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் இல்லாமல் எதையும் சொருகாதீர்கள், கரண்ட் போய்த் திரும்பி வரும் அந்த நொடியில்தான் போர்டு போகும். பக்கத்தில் மின்னல் விழுந்தால் அந்த எக்ஸ்டென்ஷனும் காப்பாற்றாது. புயல் எச்சரிக்கை 2ஆம் நிலைக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றுங்கள், ஆன்டெனா வயரையும் இன்டர்நெட் வயரையும் சேர்த்து. சப்வூஃபர் தரையில் இருக்கும், கண்ணாடிக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் முதலில் அந்தப் பக்கம்தான் வரும், அதை மேசைமேல் ஏற்றிவிட்டுப் படுங்கள்.