பயிர்ப் பூச்சி ஆராய்ச்சியாளர் ஆவது எப்படி: படிப்பு, பயிற்சி, வயல் பணி

பூச்சிக்கு மருந்து கண்டுபிடிப்பதுதான் பூச்சியியல் ஆராய்ச்சி என்று எண்ணிக்கொண்டு இத்துறைக்கு வரும் மாணவர்கள் அநேகம் பேர். அவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பப்பாளி மாவுப்பூச்சியின் வரலாறு. மெக்சிகோவையும் நடு அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பின்னர் பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி, கொய்யா, பருத்தி எனப் பல பயிர்களுக்கும் பரவியது. அதன் உடலை மூடியிருந்த மெழுகுப் பூச்சு, தெளித்த மருந்தை உள்ளே இறங்க விடவில்லை. மல்பெரித் தோட்டங்களில் நிலைமை இன்னும் சிக்கலானது; அந்த இலையை உண்ணும் பட்டுப்புழு மருந்தின் எச்சத்தால் மடிந்துவிடும் என்பதால் அங்கே அஞ்சி அஞ்சித்தான் மருந்தடிக்க முடிந்தது. தாயகத்தில் இப்பூச்சியை அடக்கி வைத்திருந்த இயற்கை எதிரிகள் இங்கே இல்லை என்பதே பெருக்கத்துக்கு முதன்மைக் காரணம் என்று உணர்ந்த ஆராய்ச்சியாளர்கள், 2010ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியுடன் கரீபியத் தீவான போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் மூன்று ஒட்டுண்ணிக் குளவி இனங்களைப் பெங்களூருவிலுள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசிய ஆய்வு நிறுவனத்துக்கு வரவழைத்தார்கள். தனிமைப்படுத்தப்பட்ட கூடத்தில் வைத்து, அவை வேறு நன்மை செய்யும் பூச்சிகளைத் தாக்குமா என்று சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். மூன்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற குளவி நன்றாக நிலைபெற்றது. மாவுப்பூச்சியின் தொல்லை வெகுவாகத் தணிந்தது.

பூச்சியை இனங்காணுதல், அதன் தாயகத்தை அறிதல், அதன் எதிரியைத் தேடுதல், அந்த எதிரியால் பிறவற்றுக்குத் தீங்கில்லை என்று உறுதிசெய்தல், பெருக்குதல், வயலில் விட்டு விளைவை அளத்தல் என்று இந்த ஒரு நிகழ்வில் வந்த வேலைகள் எல்லாமே பூச்சி ஆராய்ச்சியாளரின் அன்றாடப் பணிகள்தாம். இவற்றுக்குத் தன்னைத் தயார்செய்துகொள்வது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன்.

படிப்பைப் பொறுத்தவரை வழி தெளிவானது. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் படித்து, நான்காண்டு இளமறிவியல் வேளாண்மைப் பட்டம் பெற்று, பிறகு வேளாண் பூச்சியியலில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டமும் அதன் பின் முனைவர் பட்டமும் பெறுவது பலர் செல்லும் பாதை. தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு முதன்மையான இடம். பிற மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்புவோர் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்கான தேசிய நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். விலங்கியல் பட்டம் பெற்றவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. சென்னை இலயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் அவர்கள் ஆய்வு செய்யலாம். கொசு முதலிய நோய்ப்பரப்பிகளில் நாட்டமுள்ளோர் புதுச்சேரியிலுள்ள நோய்ப்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் பொதுச் சுகாதாரப் பூச்சியியல் முதுநிலைப் படிப்பை நாடலாம். தேர்வுகளின் பெயரும் தகுதி விதிகளும் அவ்வப்போது மாறுவதால், அந்தந்த ஆண்டின் அறிவிக்கையை நேரில் படித்து முடிவு செய்யுங்கள்.

பட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மாணவப் பருவத்திலேயே பூச்சிகளைச் சேகரித்து இனங்காணும் பழக்கம். பெயர் தவறினால் அதன்பின் செய்யும் எல்லா வேலையும் வீணாகும். பப்பாளி மாவுப்பூச்சியை வேறோர் உள்ளூர் மாவுப்பூச்சி என்று தவறாகக் கருதியிருந்தால், அதன் எதிரியைத் தேடிப் போர்ட்டோ ரிக்கோவுக்குப் போயிருக்கவே முடியாது. இனங்காண ஒவ்வொரு பூச்சி வகைக்கும் ஒவ்வொரு முறை உண்டு. வெள்ளை ஈயைப் பறக்கும் பருவத்தில் வைத்துப் பெயரிட இயலாது, அதன் கூட்டுப்புழுத் தோலைக் கொண்டுதான் இனம் பிரிக்க வேண்டும். மாவுப்பூச்சியில் முதிர்ந்த பெண்ணைச் சுத்தம் செய்து கண்ணாடிச் சில்லில் பதித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மென்மையான உடல் கொண்டவற்றை 70 சதவீத ஆல்கஹாலிலும், மரபணு ஆய்வுக்கு வேண்டியவற்றை 95 சதவீத ஆல்கஹாலிலும் இட்டு வையுங்கள். இடம், நாள், எந்தச் செடியில் கிடைத்தது, சேகரித்தவர் யார் என்னும் நான்கு விவரங்களும் இல்லாத மாதிரி, எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு உதவாது. கோயம்புத்தூரில் உள்ள பல்கலைக்கழகப் பூச்சி அருங்காட்சியகத்துக்கு நோட்டுப் புத்தகத்துடன் சென்று, வண்டுகள், ஈக்கள் போன்ற ஒரு பெரும்பிரிவை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்துப் பழகுவது மிக நல்ல பயிற்சி.

அடுத்தது பூச்சி வளர்ப்பு. இது மதிப்புக் குறைந்த உதவியாளர் வேலை என்று நினைப்பவர்கள் ஆராய்ச்சியில் நெடுந்தூரம் போவதில்லை. பிற பூச்சிகளின் முட்டைக்குள் வளர்ந்து அவற்றை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணியைப் பெருக்க வேண்டுமானால், முதலில் நெல் அந்துப்பூச்சியை உடைத்த கம்புத் தானியத்தில் வளர்த்து அதன் முட்டைகளைச் சேகரித்து அட்டையில் ஒட்ட வேண்டும். அந்துப்பூச்சியின் செதில்கள் மூச்சுக்குழாயில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், அந்த அறைக்குள் முகக்கவசம் இல்லாமல் ஒருநாளும் நுழையாதீர்கள். ஆய்வகத்தில் மருந்தே படாத ஒரு பூச்சிக் கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருப்பதும் இதே பணியின் பகுதி. வயலிலிருந்து கொண்டுவந்த பூச்சி மருந்துக்கு எந்த அளவு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது என்பதை, இந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

அதற்கான சோதனையில் ஒரு கணக்கைத் தெரிந்திருக்க வேண்டும். மருந்து தோய்த்த இலையைத் தின்ற புழுக்களில் 60 சதவீதம் இறந்தன, வெறும் நீரில் தோய்த்த இலையைத் தின்றவற்றிலும் 10 சதவீதம் இறந்தன என்று வைத்துக்கொள்வோம். மருந்தால் நேர்ந்த சாவு 60 சதவீதம் என்று எழுதிவிடக் கூடாது. ஆபட் என்பவர் 1925இல் வெளியிட்ட சூத்திரப்படி, இரண்டின் வேறுபாடான 50ஐ, நீர்க் குழுவில் உயிரோடிருந்த 90ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 55.6 சதவீதம் வரும். மருந்தின் உண்மையான திறன் அதுதான். நீர்க் குழுவிலேயே 20 சதவீதத்துக்கு மேல் இறந்திருந்தால், புழுக்கள் நோயுற்றவை அல்லது கையாண்ட விதம் சரியில்லை என்று கொண்டு, சோதனையை முதலிலிருந்து செய்வதே முறை.

ஆய்வகத்தில் கிடைத்த முடிவு வயலில் நிற்குமா என்பதுதான் பெரிய கேள்வி. ஆகவே வயல் சோதனையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு மருந்தை நெல்லில் சோதிப்பதாகக் கொண்டால், வெவ்வேறு அளவுகள், ஏற்கெனவே பரிந்துரையிலுள்ள ஒரு மருந்து, எதுவும் தெளிக்காத ஒப்பீட்டுப் பாத்தி எனச் சேர்த்து ஏழு ட்ரீட்மென்ட் (ஒப்பிட வேண்டிய சோதனைக் கூறுகள்) வைத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை திரும்ப அமைத்தால் 21 பாத்திகள் வரும். எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுப் போட்டோ கணினியைக் கொண்டோதான் முடிவு செய்ய வேண்டும். வாய்க்காலை ஒட்டிய செழிப்பான பாத்தியை நமக்குப் பிடித்த மருந்துக்கு ஒதுக்கும் ஆசை யாருக்கும் வரும், அதைத் தடுப்பதற்கே இந்த முறை. 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள பாத்தி 20 சதுர மீட்டர். ஹெக்டேருக்கு 500 லிட்டர் தெளிப்பு நீர் என்றால் ஒரு பாத்திக்குச் சரியாக 1 லிட்டர். மருந்து கலப்பதற்கு முன், அந்த ஒரு லிட்டர் வெறும் நீரைத் தெளித்துக்கொண்டே நடந்து பார்த்து, பாத்தியின் மறுமுனையில் நீர் தீரும்படி நடையின் வேகத்தைப் பழகிக்கொள்ளுங்கள். குறைந்த அளவிலிருந்து தொடங்கி உயர்ந்த அளவுக்குச் செல்லுங்கள்; ஒரு மருந்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தெளிப்பானைக் கழுவுங்கள்; காற்று வீசும் வேளையில் தெளிக்காதீர்கள்.

தெளிப்பதற்கு முந்தைய நாள் ஒரு கணக்கு, தெளித்த 1, 3, 7, 14 நாட்களில் மறுபடியும் கணக்கு என எடுக்க வேண்டும். வரப்போரக் குத்துகளை விட்டுவிட்டு உள்ளே உள்ளவற்றில்தான் எண்ண வேண்டும், ஏனென்றால் பக்கத்துப் பாத்தியின் மருந்து ஓரத்தில் படிந்திருக்கும். தீமை செய்யும் பூச்சியை மட்டும் எண்ணிவிட்டுக் கரையேறுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அவற்றை உண்ணும் சிலந்தி, மிரிட் நாவாய்ப்பூச்சி, பொறிவண்டு ஆகியவற்றையும் அதே குத்தில், அதே நேரத்தில் எண்ணுங்கள். செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் சில தெளித்த நெல் வயலில், முதலில் பூச்சி குறைந்ததுபோல் தோன்றினாலும், நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி முன்னிலும் அதிகமாகப் பெருகுவது நன்கு அறியப்பட்ட உண்மை. இயற்கை எதிரிகளின் கணக்கு இல்லாத ஆய்வேட்டில் இந்த ஆபத்து கண்ணுக்கே தெரியாது.

எப்போது மருந்து தேவையில்லை என்று சொல்லத் தெரிவதும் இந்த அறிவியலின் சாரம். நெல்லில் தண்டுதுளைப்பானுக்கு நடுக்குருத்துக் காய்தல் 10 சதவீதம் அல்லது வெண்கதிர் 2 சதவீதம் என்பது பொருளாதாரச் சேத நிலை, அதாவது மருந்து தெளிக்கத் தொடங்க வேண்டிய வரம்பு. புகையானுக்குத் தூருக்கு ஒன்று என்பது வரம்பு, ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இவ்வளவு எளிமையாகத் தெரியும் இந்த எண்களை நிறுவுவதற்குப் பல பருவங்களின் சேத அளவு, விளைச்சல் இழப்பு, மருந்துச் செலவு, விளைபொருளின் விலை ஆகியவை தேவைப்படுகின்றன. முதுநிலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள், சந்தைக்கு வந்த அடுத்த மருந்தைச் சோதிப்பதைவிட, தங்கள் வட்டாரப் பயிரொன்றுக்கு இந்த வரம்பைக் காண்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பணி வாய்ப்புகள் பலவிதம். வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று மத்திய நிறுவனங்களில் விஞ்ஞானி ஆகலாம். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகலாம். வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிர்ப் பாதுகாப்பு வல்லுநராகி உழவர்களோடு நேரடியாக வேலை செய்யலாம். சேமிப்புக் கிடங்குப் பூச்சிகளில் ஆர்வமுள்ளவர்களுக்குத் தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் ஏற்ற இடம். மருந்து நிறுவனங்களில் ஊதியம் பெரும்பாலும் கூடுதல். அங்கே, 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் ஒரு மருந்தைப் பதிவு செய்யத் தேவையான திறன், எச்சம், நச்சுத்தன்மைத் தரவுகளைத் திரட்டுவது முக்கிய வேலை. எங்கே சேர்ந்தாலும், பாதகமான முடிவை மறைக்கும்படி கேட்டால் மறுக்கும் உறுதி வேண்டும், ஏனெனில் அந்தத் தரவை நம்பித்தான் தெளிப்பான் சுமக்கும் கூலித் தொழிலாளி வயலுக்குள் இறங்குகிறார். நீங்களும் தெளிப்பில் ஈடுபடுபவராயின் கையுறை, கவசம், முழுக்கைச் சட்டை இன்றி இறங்காதீர்கள். ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளைத் தொடர்ந்து கையாள்பவர்கள் இரத்தத்தில், இம்மருந்துகளால் பாதிக்கப்படும் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியின் அளவைக் குறிப்பிட்ட இடைவெளியில் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

ஆய்வு முடிந்து உழவருக்கான பரிந்துரையை எழுதும்போது, மருந்தின் வேதிப் பெயர், ஏக்கருக்கு எத்தனை மில்லி, பத்து லிட்டர் தொட்டிக்கு எத்தனை மில்லி, பயிரின் எந்தப் பருவம், பூச்சி எந்த அளவைத் தாண்டினால் தெளிக்க வேண்டும், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் ஆகிய அனைத்தையும் ஒரே பக்கத்தில், அவர் பேசும் அளவுகளில் எழுதுங்கள். ஹெக்டேர்க் கணக்கை ஏக்கருக்கு மாற்றும்போது 2.5ஆல் வகுத்து, அந்த எண்ணை இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.